சீட்டைத் தொடாதீர்

மனித குலத்தின் மாபெரும் சாதனை எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் நெருப்பு என்பார்கள். இரண்டும் இல்லை. காலையில் எழுந்து பல் தேய்ப்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக நடப்பது.

அவன் எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான், பொங்குவதற்குள் அணைத்தான். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டான். முதுகைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. கூடத்துச் சுவரில் இருந்த மனைவியின் படத்தைத் துணியால் துடைத்தான். படத்தின் அடியில், கொடி கொடியாக வளைந்த எழுத்தில், அவளுடைய "கடைசி வார்த்தைகள்" அச்சாகியிருந்தன: "கலங்காதீர்கள். நான் காற்றாக உங்களுடன் இருப்பேன்." மாமனார் உபயம். உயிரோடு இருந்தவரை அவள் "கலங்காதீர்கள்" என்று யாரிடமும் சொன்னதில்லை. அவள் அதிகம் சொன்ன வார்த்தை "உளறாத." அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. துடைத்துவிட்டு வீட்டைப் பூட்டினான்.

காரில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. மடங்கினான் என்பதே சரி. கார் அவளுடையது. அவள் குள்ளம், சீட்டை ஸ்டீயரிங்குக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் வைத்திருந்தாள். அவனோ நெடுநெடுவென்று வளர்ந்தவன். அவள் அவனைக் கூப்பிட்டதே "நெட்டை" என்றுதான். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் வேறு பெயர் போட்டிருந்தார்கள். அவள் போன பிறகு அவன் அந்தச் சீட்டை நகர்த்தவில்லை. ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் முட்டிகள் விரிந்து நிற்க, தவளையைப் போல அலுவலகத்துக்குப் போய் வந்தான்.

பழைய கார். ஆனால் தானியங்கி கியர். கிளட்ச் கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு லீவர். அதை "டிரைவ்" என்ற இடத்துக்கு இழுத்துவிட்டால் மிச்சத்தைக் காரே பார்த்துக்கொள்ளும். லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் சின்ன விளக்கு எப்போதோ செத்துவிட்டது. "எனக்குக் கையே சொல்லிடும், விளக்கெதுக்கு?" என்று அவள் அதை மாற்றாமலே விட்டாள்.

சில மாதங்களாகக் காருக்கு ஒரு வியாதி. நேராகப் போகும்வரை நல்ல பிள்ளை. ஏதாவது ஒரு திருப்பத்தில் திரும்பியதும் எஞ்சின் ஊரைக் கூட்டும். கார் மட்டும் நகராது. பின்னால் வருகிறவர்கள் அவனுடைய பரம்பரையை விசாரிப்பார்கள். அவன் ஓரமாக உருட்டி, அணைத்து, லீவரை முன்னுக்குத் தள்ளி, மறுபடி கிளப்பி, மறுபடி டிரைவுக்கு இழுப்பான். ஒன்றுமே நடக்காதது போலக் கார் போகும்.

ஊரில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மெக்கானிக்கிடம் விட்டால் அவர் ரிப்பேர் செய்து கொடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. எனவே படித்தவர்கள் எல்லாரும் "தானியங்கி கியர் நல்வாழ்வு மைய"த்துக்குத்தான் போனார்கள். அவனும் படித்தவன். போனான்.

அங்கே கிரீஸ் நாற்றம் கிடையாது. எலுமிச்சை வாசனை அடித்தது. சுவரில் அருவிப் படம். அதன் மேல், "நாங்கள் பழுது பார்ப்பதில்லை, செவிமடுக்கிறோம்" என்ற பலகை. உத்தமமான கொள்கை. செவிமடுத்ததற்காக யாரும் இதுவரை உத்தரவாதம் கேட்டதில்லை.

முன்மேசையில் இருந்த பெண்ணின் நெஞ்சில் "பரிவு அதிகாரி" என்று அட்டை தொங்கியது.

"வாங்க சார். பேஷண்ட் பேரு என்ன?"

"பேஷண்ட் இல்லை. கார்."

"இங்க காரைத்தான் சார் பேஷண்ட்னு சொல்லுவோம். செல்லப் பேரு ஏதாவது?"

"இல்லை."

"பேரு போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது சார்."

அவன் யோசித்தான். வீட்டில் செல்லப் பெயர் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கூப்பிடவும் இப்போது ஆளில்லை.

"நெட்டைன்னு போடுங்க."

"நெட்டை," என்று அவள் பரிவுடன் தட்டினாள். "நெட்டைக்கு என்ன பண்ணுது சார்?"

"உறுமுது. நகர மாட்டேங்குது."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"சீட்டை மட்டும் நகர்த்தாதீங்க."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்பது வாடிக்கையாளரின் அந்தரங்கத்தில் கை வைப்பது என்று மையத்தில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர் சொன்னால் சொன்னதுதான். உடனே ஒரு சிவப்பு அட்டை அச்சாகி வந்தது: "சீட்டைத் தொடாதீர்." அதை ஸ்டீயரிங்கில் கட்டினார்கள். பின்சீட்டிலும் ஒன்று கட்டினார்கள். இருந்த ஆர்வத்தில், காத்திருப்போர் அறையின் சோபாவிலும் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை. இப்படி ஒரு கட்டுப்பாடு எத்தனை நாட்டு ராணுவங்களில் இருக்கும் என்று தெரியவில்லை.

பரிசோதனை தொடங்கியது. நடத்தியவர் "தலைமை நோயறிவாளர்." வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். குழாயின் நுனியைக் காரின் வயிற்றில் வைத்து, கண்ணை மூடி, "ம்… ம்…" என்றார். பிறகு ஸ்கேனரைக் கொண்டுவரச் சொன்னார். கார் ஸ்கேனரைவிட வயதில் மூத்தது. அதை மாட்டுவதற்கான துளையே காரில் இல்லை. தேடிப் பிடித்து ஒரு ஒயர் வாங்கி இரண்டுக்கும் சம்பந்தம் செய்து வைத்தார்கள். ஸ்கேனர் நெடுநேரம் சிந்தித்தது. "கோளாறு இல்லை" என்றது.

தலைமை நோயறிவாளரின் முகம் இருண்டது.

"நல்ல சேதிதானே?" என்றான் அவன்.

"கோளாறு இருக்குன்னு சொல்ற வண்டியை நம்பலாம் சார். இல்லைன்னு சொல்றதுதான் டேஞ்சர். உள்ளுக்குள்ள ஏதோ மறைக்குது."

கியர் எண்ணெயை எடுத்துப் பார்த்தார்கள். சிவப்பாக, சுத்தமாக இருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினார்கள். அதுவும் சிவப்பாக, சுத்தமாக இருந்தது.

"வித்தியாசம் தெரியுதா சார்?"

"தெரியலை."

"அதுதான் தரம்."

கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார்கள். தேய்மானத் தூளைப் பிடித்து வைக்க அங்கே ஒரு காந்தம் இருக்கும். அதில் ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தது.

"தூள் ரொம்ப கம்மி," என்றார் தலைமை நோயறிவாளர், கவலையோடு. "இந்த வயசுல இவ்வளவு ஆரோக்கியமா இருக்கறது இயற்கையே இல்லை."

அடுத்தது சோதனை ஓட்டம். இங்கேதான் மையத்தின் நேர்மைக்கு வந்தது சோதனை. ஓட்டுநர்கள் பல பேர் இருந்தார்கள். ஆனால் சீட்டைத் தொடக் கூடாது. சீட்டைத் தொடாமல் அதற்குள் அடங்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். மேல் அலமாரியிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் மற்றவர்களைக் கூப்பிடுகிறவர் அவர். அந்தச் சீட் அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஊரிலுள்ள அத்தனை திருப்பங்களிலும் அவர் திரும்பினார். மேடு, பள்ளம், மழை, நெரிசல், ஒன்றையும் விடவில்லை. கார் வெண்ணெயாக ஓடியது. காலையில் அவர் ஓட்டுவார், ஒன்றும் இராது. மாலையில் அவன் எடுத்துப்போவான், முதல் திருப்பத்திலேயே உறுமும். மறுநாள் மறுபடி கொண்டுவந்து விடுவான், மறுபடி அவரே ஓட்டுவார்.

மையம் கூடி ஆலோசித்தது. வெள்ளைப் பலகையில் வட்டங்கள் போட்டு, அம்புகள் விட்டு, வட்டங்களை அம்புகளால் குத்தினார்கள்.

"நம்ம ஆளு ஓட்டினா நடிக்குது சார்," என்று முடிவைச் சொன்னார் தலைமை நோயறிவாளர். "உங்ககிட்ட மட்டும்தான் சுயரூபம் காட்டுது."

"அப்படின்னா என்கிட்டதானே ஏதோ இருக்கணும்?" என்றான் அவன்.

அறை கலகலவென்று சிரித்தது. வாடிக்கையாளர்கள் இப்படித்தான், பாவம், தங்களையே நொந்துகொள்வார்கள்.

பிறகு அவனை ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார்கள். கதவில் "ஏற்பு அறை" என்று எழுதியிருந்தது. மெத்தை நாற்காலிகள். நடுவே காகிதக் கைக்குட்டைப் பெட்டி. தலைமை நோயறிவாளரும் பரிவு அதிகாரியும் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இந்தத் தாழ்ந்த குரலை அவன் முன்பே ஒருமுறை வேறொரு கட்டடத்தில் கேட்டிருந்தான். அங்கே நாற்காலிகள் பிளாஸ்டிக்.

"நெட்டை கடைசியா நல்லா ஓடினது எப்ப சார்?"

"என் மனைவி ஓட்டினப்ப."

"அட, அப்ப அவங்களையே வரச் சொல்லுங்களேன். ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டட்டும்."

"அவங்க இல்லை."

"ஊர்ல இல்லையா?"

"இல்லவே இல்லை."

பரிவு அதிகாரி கைக்குட்டைப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் ஒன்றை உருவி, விரலில் இருந்த சிவப்பு எண்ணெயைத் துடைத்தான்.

"கடைசியா எங்க ஓட்டினாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. தலை வலிக்குதுன்னா. நான் ஓட்டறேன்னேன், விடலை. நான் ஓட்டினா தலைவலி ஜாஸ்தியாகும்னா."

தலைமை நோயறிவாளர் கம்ப்யூட்டரில் தட்டினார்: ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு கோளாறு ஆரம்பம். "அங்க பார்க்கிங்ல தரை மேடு பள்ளமா இருக்கும். அடி வாங்கியிருக்கும்," என்றார்.

"இருக்கலாம்," என்றான் அவன்.

"சுத்தி வளைக்காம சொல்றேன் சார். நாங்க முடிஞ்சதையெல்லாம் பண்ணிட்டோம். நெட்டை இனிமே தேற மாட்டாரு. ஏத்துக்கறதுதான் முதல் படி."

"நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுவோம் சார்," என்றாள் பரிவு அதிகாரி. "எங்ககிட்ட 'கண்ணியமான பிரியாவிடை'ன்னு ஒரு திட்டம் இருக்கு. பெரிய மெஷின்ல வெச்சு ஒரே அமுக்கு. அவருக்கு வலிக்காது. கதவுலேர்ந்து சின்னத் துண்டு ஒண்ணை வெட்டி, மேஜை மேல வெச்சுக்கற மாதிரி பாலிஷ் போட்டுத் தருவோம். கீழ ஒரு வாசகமும் பொறிச்சுத் தருவோம். 'கலங்காதீர்கள்'னு ஆரம்பிக்கறது இப்ப நல்லாப் போகுது."

அவன் ஒன்றும் சொல்லாததை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளும் இரண்டாவது கட்டடம் இது. அந்தச் சீட்டும் அந்த அமுக்கில் போகும். போனால், அவள் கை கடைசியாக வைத்த இடத்தில் இன்னும் இருக்கிற பொருள் என்று உலகத்தில் ஒன்றுகூட இருக்காது. இதைச் சொல்லலாம். ஆனால் அவர்கள் கேட்கவில்லை. கேட்பது அங்கே தடை.

மையத்தின் வழக்கப்படி, பிரியாவிடைக்கு முன் உறவினர் ஒருவர் முன்னிலையில் "இறுதி ஓட்டம்" நடக்க வேண்டும். மறுநாள் காலை அவனுடைய அக்கா வந்தாள். காரைத் தலைமுழுகச் சொல்லிப் பல மாதங்களாகத் தொண்டை வறண்டவள். அதனால் உற்சாகமாகவே வந்தாள்.

"டேய், இதுக்குள்ள மடக்கின குடை மாதிரி நீ உக்காந்து போறதைப் பாக்க எனக்குத்தான் இடுப்பு வலிக்குது. விட்டுத் தொலை. பஸ்ல போ. காலை நீட்டிட்டுப் போ."

"பஸ்லயும் காலை நீட்ட முடியாதுக்கா."

"எதிர்த்துப் பேசறியே! பரவாயில்லை, இதுக்கே ரொம்ப நாளாச்சு. ஏறு."

அவன் மடங்கினான். அக்கா பக்கத்துச் சீட்டில் ஏறினாள். பின்னால் தலைமை நோயறிவாளர், ஸ்டெதாஸ்கோப்பைத் தரையில் வைத்து, தலையைக் குனிந்து, நமஸ்காரம் செய்கிற கோலத்தில் அமர்ந்தார். சிவப்பு அட்டை ஸ்டீயரிங்கில் ஆடியது. இறுதி ஓட்டம் புறப்பட்டது.

நேர்ச் சாலையில் கார் நல்ல பிள்ளை. முதல் திருப்பம். அவன் ஸ்டீயரிங்கை வளைத்தான். எஞ்சின் அலறியது. கார் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன்கள்.

"கேக்குதா! கேக்குதா!" என்றார் பின்னால் இருந்தவர், மகிழ்ச்சி தாளாமல். "மரண ஓலம்மா இது!"

அக்கா எதுவும் சொல்லவில்லை. அக்கா எதுவும் சொல்லாமல் இருப்பது அபூர்வம். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி கிளப்பு," என்றாள்.

கிளப்பினான்.

"அடுத்தாப்ல திரும்பு."

திரும்பினான். எஞ்சின் அலறியது.

"டேய்," என்றாள் அக்கா. "உன் முட்டிடா."

"என்ன முட்டி?"

"உன் முட்டிதான்டா கியர் போடுது! ஸ்டீயரிங்கைத் திருப்பறப்ப அது இடிக்குதுன்னு முட்டியை இந்தப் பக்கம் ஒதுக்கற. அது நேரா லீவரைத் தட்டி நியூட்ரலுக்குத் தள்ளிடுது. அப்புறம் நீ ஆக்சிலேட்டரை மிதிச்சா அது கத்தாம என்ன பண்ணும்?"

அவன் குனிந்து பார்த்தான். முட்டி லீவருக்குப் பின்னால், ஒன்றும் அறியாத பிள்ளை போல ஒட்டிக்கொண்டு நின்றது. லீவர் டிரைவில் இல்லை. ஒரு படி முன்னால் இருந்தது. காட்ட வேண்டிய விளக்கு செத்திருந்தது. மாற்றியிருந்தால் கேட்காமலே சொல்லியிருக்கும்.

ஸ்டெதாஸ்கோப் மெதுவாகக் காதிலிருந்து இறங்கியது.

"முட்டி எங்க பட்டியல்ல இல்லைம்மா," என்றார் தலைமை நோயறிவாளர்.

"இல்லாட்டி சேத்துக்கோங்க."

"முட்டிக்கு உதிரி பாகமும் கிடையாது." ஆனாலும் அவர் கடமை தவறாதவர். மையத்துக்குப் போன் போட்டார். "பரிவாம்மா? நெட்டை ஃபைலைத் திற. காரணம்னு இருக்குல்ல, அதுல முட்டின்னு போடு… ஆமா, முட்டி… யாரோட முட்டின்னா? நெட்டையோட முட்டிதான்… அந்தக் கட்டம் சிவப்பாகுதா? விடு, 'புதிய கண்டுபிடிப்பு'ன்னு போட்டுடு. கருத்தரங்கத்துல பேசிக்கலாம்."

இவ்வாறாக, 'முட்டி சார்ந்த கியர் கோளாறு' என்னும் அரிய நோய் மருத்துவ உலகுக்கு அறிமுகமாயிற்று.

"சரி, அந்தச் சீட்டை ரெண்டு பல்லு பின்னாடி தள்ளுங்க, வேலை முடிஞ்சுது," என்றாள் அக்கா.

"அது மட்டும் எங்களால முடியாதும்மா," என்றார் அவர், வருத்தத்தோடு. கியர்பெட்டியின் குடல்வரை கழற்றிப் போட்டவர், அட்டையைச் சுட்டிக் காட்டினார். "உத்தரவு இருக்கு."

"எந்தக் கூறுகெட்டவன் போட்ட உத்தரவு?"

"வாடிக்கையாளர்."

அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு, உத்தரவாவது ஒன்றாவது என்று, அவன் சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். சீட்டை நகர்த்தும் கம்பி அங்கேதான் இருக்கிறது.

"அக்கா, வேண்டாம்."

"ஏன்டா?"

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தது. பயிற்சி இல்லாதவள், கேட்டுவிட்டாள்.

"அவ வெச்ச இடம்," என்றான்.

அக்காவின் கை கம்பியிலேயே நின்றது. பிறகு மெதுவாக வெளியே வந்தது. தலைமை நோயறிவாளர், போனில் சிக்னல் சரியில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கிப் போனார். போனில் யாரும் இல்லை. அவர் அன்று செய்த ஒரே சிகிச்சை அதுதான், நன்றாகவே செய்தார்.

"நகர்த்தாதேன்னு அவ சொன்னாளா?" என்றாள் அக்கா.

அவன் ஸ்டீயரிங்கில் ஆடிய சிவப்பு அட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"கடைசியா என்னதான்டா சொன்னா? அந்தப் படத்துக்குக் கீழ போட்டிருக்கறது அவ சொன்னதில்லைன்னு எனக்கும் தெரியும். அவ என்ன காத்தா வர்ற ஆளா? வந்தா கதவைப் படார்னு சாத்திட்டு வருவா."

"நீயும்தான் ஒண்ணு சொன்னே. 'அக்கா, அவரை உங்க கையில ஒப்படைக்கறேன்'னு அவ சொன்னதா."

"சொன்னேன். வந்தவங்க எல்லாம் கேட்டாங்க. ஏதாவது சொல்லித்தானே ஆகணும்? நீ வாயே திறக்கலை. உன் மாமனார் ஒண்ணு சொன்னாரு, அவ ஆபீஸ்காரங்க ஒண்ணு சொன்னாங்க. எங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லைன்னா நல்லாவா இருக்கும்?" அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அங்க இருந்தவன் நீ ஒருத்தன்தான். உன்னை ஒருத்தரும் கேக்கலை. நானும் கேக்கலை. இப்ப கேக்கறேன்."

"ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை நிறுத்தினா. தானாவே இறங்கினா. தானாவே உள்ள நடந்து போனா. நான் இந்தச் சீட்டுக்கு மாறி உக்காந்து, பார்க்கிங்ல விட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள நினைவு போயிடுச்சு. அப்புறம் பேசலை."

"இறங்கறப்ப?"

அவன் சிவப்பு அட்டையை அவிழ்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கினான். நகரவில்லை. துரு. காலைத் தரையில் ஊன்றி உந்தினான். கடகடவென்று கத்திக்கொண்டு சீட் பின்னால் போனது. இத்தனை மாதங்களில் முதல்முறையாக அவன் கால்கள் நீண்டன. முட்டி தன் பாட்டுக்குக் கீழே இறங்கியது. லீவர் தனியாக நின்றது.

வெளியே தலைமை நோயறிவாளர் ஆளில்லாத போனில், "அறிவியலுக்கு இது பெரிய நாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லுடா," என்றாள் அக்கா.

கதவைப் பிடித்துக்கொண்டு, தலையை உள்ளே நீட்டி, அவசரமாக அவள் சொன்னதை அவன் சொன்னான்:

"'நெட்டை, சீட்டைப் பின்னாடி தள்ளிட்டு உக்காரு. இல்லாட்டி முட்டி இடிக்கும். அப்புறம் என் காரைக் குறை சொல்லுவ.'"